நான்காம் தொகுதியின் கழுத்து

மார்ச் மாதத்தில் ஒரு நாள் ஓரின் பெல்கியின் தபால் பெட்டியில் மஞ்சள் அட்டை ஒன்று கிடந்தது. அந்தப் பெட்டிக்கு வழக்கமாக வருவது இரண்டே சங்கதிகள். ஒன்று மின்சார பில். இன்னொன்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்ட மனைவி லோயிஸின் பெயருக்கு விடாமல் வந்துகொண்டிருந்த பூவிதை விளம்பரம். அரசாங்கம் தன்னை நினைத்து ஒரு அட்டை போட்டிருக்கிறதே என்று ஓரின் அதைப் பனியில் நின்றபடியே படித்தார்.

இனி அவர் மாநிலச் சட்டசபையின் ஏழாம் தொகுதி வாக்காளர் இல்லை, நான்காம் தொகுதி வாக்காளர் என்று அட்டை சொன்னது. அவருடைய வாக்குச்சாவடியும் மாறிவிட்டது. ஹோவ்லண்ட் ஊர் தீயணைப்பு நிலையத்துக்குப் பதிலாக, கேரோ நகரத்துக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம். ஹோவ்லண்ட் மூன்று மைல், கேரோ நாற்பத்தொரு மைல். ஓரின் எங்கும் குடிபெயரவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அதே வீடு, அதைச் சுற்றி அதே சோயா வயல், பின்னால் அதே கில்டீர் ஓடை. அவர் இருந்த இடத்திலேயே இருக்க, தொகுதிதான் அவரை விட்டுக் குடிபோயிருந்தது.

நாற்பத்தொரு மைல் ஓட்டுவது அவருக்குப் பெரிய காரியம் இல்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினவர். அவரை உறுத்தியது தீயணைப்பு நிலையம். நவம்பர் மாதத் தேர்தல் செவ்வாயன்று தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேஜைகள் போடுவார்கள். தேவாலயத்துப் பெண்கள் சூப்பும் காப்பியும் வைப்பார்கள். ஓட்டுப் போட மூன்று நிமிஷம் ஆகும், போட்டதைப் பற்றிப் பேச நாலு மணி நேரம் ஆகும். பிள்ளைகள் இல்லாத ஓரினுக்கு, லோயிஸ் போன பிறகு, ஒரு மேஜையைச் சுற்றி நாலு பேரோடு உட்காரும் நாட்கள் என்றால் ஊரில் விழும் சாவுகளும் இந்தத் தேர்தலும்தான். சாவுகளை எதிர்பார்த்துக் காத்திருப்பது முறையில்லை. தேர்தலுக்காகக் காத்திருக்கலாம்.

சாலைக்கு எதிர்ப்புறம் கஸ் லிண்ட்வால் இருந்தார். புதிய எல்லை சாலையோடு நின்றுவிட்டதால் அவர் இன்னும் ஏழாம் தொகுதிதான். இருபத்திரண்டு வருஷமாக இருவரும் கஸ்ஸின் வண்டியில்தான் ஒன்றாக ஓட்டுப் போடப் போவார்கள். கஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்சிக்கு, இப்போது ஆளும் கட்சிக்கு, போடுகிறவர். ஓரின் ஆளைப் பார்த்துப் போடுகிறவர். போகும்போது சண்டை, வரும்போது மௌனம். அந்த மௌனத்தில் ஒரு திருப்தி உண்டு.

அந்த நவம்பரில் ஓரின் தனியாகக் கேரோவுக்குப் போனார். கூடத்தில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். மேஜையில் இருந்த பெண் அவர் பெயரை எழுத்து எழுத்தாக இரண்டு முறை சொல்லச் சொன்னாள். மூன்று நிமிஷத்தில் வேலை முடிந்தது. அங்கே உட்கார நாற்காலி இல்லை, உட்கார ஒரு காரணமும் இல்லை. குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். வழியில் ஹோவ்லண்ட் தீயணைப்பு நிலையத்தின் ஜன்னல்களில் வெளிச்சம் தெரிந்தது. கஸ்ஸின் வண்டி வாசலில் நின்றது. உள்ளே போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் போய், எதற்கு வந்தேன் என்று சொல்வது? இஞ்சினை அணைக்காமல் சாலையோரம் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மாவட்டத் தேர்தல் அதிகாரி வில்மா ஹென்னிங்கைப் பார்க்கப் போனார். வில்மா மேஜை மேல் புதிய வரைபடத்தை விரித்தாள். பந்தியில் யாரோ ரசத்தைக் கொட்ட, அது இலைக்கு இலை தாவி ஓடின மாதிரி இருந்தது நான்காம் தொகுதி. மேலே கேரோ நகரத்தின் பாதி. கீழே ஆற்றங்கரையில் மூன்று ஊர்கள். இரண்டு பக்கமும் ஆளும் கட்சிக்கு ஓட்டே போடாத ஜனங்கள். அவர்களையெல்லாம் ஒரே பட்டியில் அடைத்துவிட்டால் சுற்றியிருக்கும் ஐந்து தொகுதிகளும் ஆளும் கட்சிக்குச் சுத்தமாகக் கிடைத்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. சட்டம் ஒன்றே ஒன்று கேட்டது. தொகுதி ஒரே துண்டாக இருக்க வேண்டும். மேலுடம்பையும் கீழுடம்பையும் இணைக்க ஓடையோரமாக ஒரு மெல்லிய கழுத்து வரைந்திருந்தார்கள். கழுத்துக்குள் ஒரே ஒரு வீடு.

"கழுத்துல இருக்கிறது நீங்கதான் ஓரின்," என்றாள் வில்மா. "உங்க வயல் இல்லேன்னா தொகுதி ரெண்டு துண்டாயிடும்."

"வயலை வெச்சுக்கட்டும். என்னை விட்டுடச் சொல்லுங்க."

"வீடு வயலுக்குள்ள இருக்கே."

வரைந்தவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றாள். வரைந்தவர்கள் மாநிலத் தலைநகரில் இருந்தார்கள். எல்லை வரையறைக் குழுத் தலைவர் செனட்டர் ராய்ஸ் பாம்பர் ஓரினை உடனே உள்ளே அழைத்து, காப்பி கொடுத்து, தன் பெயர் பொறித்த பேனா ஒன்றும் கொடுத்தார். முன்பு ஏழாம் தொகுதியில் இருந்தபோது ஓரின் அவருக்கே இரண்டு முறை ஓட்டுப் போட்டவர். அதைச் சொன்னதும் செனட்டர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேல எங்களுக்கு எந்தக் கோபமும் இல்ல மிஸ்டர் பெல்கி. நீங்க இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல உங்க இடத்துல 'ஒண்ணு'ன்னு மட்டும் காட்டுச்சு. ஒண்ணுதானே, போனாப் போகுதுன்னு விட்டோம்." பிறகு ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். "குறை இருந்தா கோர்ட்டுக்குப் போங்க. தயங்காதீங்க. எங்க வக்கீல்கள் சும்மாத்தான் உட்கார்ந்திருக்காங்க."

கோர்ட்டுக்குப் போகும் வழி ஓரினுக்குத் தெரியாது. அது தானாகவே அவரைத் தேடி வந்தது. வாக்குரிமைச் சங்கம் ஒன்றின் வக்கீல், மிரியம் கேஸ்டெல் என்ற ஐம்பது வயதுக்காரி, பிப்ரவரியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். இந்த வரைபடத்தை எதிர்த்து வழக்குப் போட ஒரு பாதிக்கப்பட்டவர் வேண்டும் என்றாள். சட்டத்துக்கு அநியாயம் மட்டும் போதாது, அநியாயத்துக்கு ஒரு விலாசம் வேண்டும். ஏற்கெனவே தேர்ந்தெடுத்த இரண்டு பேரில் ஒருவர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார், இன்னொருவர் செத்துப்போனார். ஓரின் எங்கும் போகிறவர் மாதிரித் தெரியவில்லை. அவள் சமையலறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மூன்று கோப்பை காப்பி குடித்தாள். அந்த மேஜையில் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு உட்கார்ந்த முதல் ஆள். ஓரின் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். இன்னும் காகிதம் இருந்திருந்தால் அதிலும் போட்டிருப்பார்.

அதன் பிறகு புதன்கிழமைதோறும் நாலு மணிக்கு மிரியம் ஃபோன் செய்தாள். வழக்கில் சொல்ல எதுவும் இல்லாத வாரங்களில் கூட, எதுவும் இல்லை என்று சொல்வதற்காகச் செய்தாள். ஓரின் மூன்றரைக்கே சமையலறையைத் துடைத்து, சட்டை மாற்றிக்கொண்டு, ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

ஊருக்கு விஷயம் தெரிந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டார்கள், அதுதான் தொந்தரவு. கஸ் சாலையில் எதிரே வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவது வழக்கம். வழக்குத் தாக்கலான வாரத்திலிருந்து அந்த விரல்கள் எழும்பவில்லை.

முதல் தடவை வழக்கை எடுத்த நீதிபதி, தேர்தல் முடிந்துவிட்டது, நடந்ததை மாற்ற முடியாது, தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று தள்ளினார். அடுத்த தேர்தலுக்கு எட்டு மாதம் முன்னதாகப் போனார்கள். இன்னும் நடக்காத தேர்தலில் இன்னும் படாத காயத்துக்கு மருந்து போட முடியாது, சீக்கிரமாக வந்திருக்கிறீர்கள் என்றார். இரண்டு மாதம் முன்னதாகப் போனார்கள். தேர்தல் நெருங்கிவிட்டது, இப்போது கோட்டை மாற்றினால் வாக்காளர்கள் குழம்பிப்போவார்கள் என்றார். குழம்பக்கூடிய வாக்காளர் கழுத்துப் பகுதியில் ஒருவர்தான். தான் குழம்ப மாட்டேன் என்று ஓரின் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் படித்துப் பார்த்து, குழம்ப மாட்டேன் என்று ஒருவர் பிரமாணம் செய்ய வேண்டியிருப்பதே குழப்பத்துக்கு அத்தாட்சி என்றார். நீதிபதி அந்த வாதத்தில் வலு இருப்பதாகக் குறித்துக்கொண்டார்.

அப்படியானால் எப்போதுதான் வருவது என்று மிரியம் மேல்முறையீட்டில் கேட்டாள். கேள்வி நியாயமானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றரை வருஷம் யோசித்துச் சொன்னது. தாமதமும் இல்லாத சீக்கிரமும் இல்லாத காலம் ஒன்று கட்டாயம் இருந்தது என்றும், மனுதாரர் அதைத் தவறவிட்டார் என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். மிரியம் பழைய உத்தரவுகளையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அது ஒரு ஜனவரி மாதத்தின் செவ்வாய், புதன் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பனிப்புயல் காரணமாக நீதிமன்றத்துக்கு விடுமுறை.

கடைசியில், பனிக்கு மனுதாரரைப் பொறுப்பாக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக, ஐந்தாம் வருஷம் வழக்கு மாநில மேல் நீதிமன்றத்தின் ஐந்து பேர் கொண்ட சிறப்பு அமர்வுக்கு வந்தது. ஓரினுக்கு வயது எழுபத்தொன்று. காது மந்தமாகிவிட்டது. லோயிஸின் சவ அடக்கத்துக்குப் போட்ட கோட்டு அவரைவிடப் பெரிதாகிவிட்டது.

முதல் சாட்சி செனட்டர் பாம்பர். அந்த மாநிலத்தில் தோலின் நிறம் பார்த்துத் தொகுதி வரைந்தால் குற்றம். கட்சி பார்த்து வரைந்தால் குற்றமா என்று அதுவரை யாரும் முடிவு செய்யவில்லை. ஆகவே அரசுத் தரப்பின் வாதம் எளிமையாக இருந்தது. எல்லாவற்றையும் கட்சிக்காகவே செய்தோம் என்றார்கள்.

"பைபிள் மேல சத்தியமாச் சொல்றேன்," என்றார் செனட்டர், குரல் தழுதழுக்க. "நாங்க யாரோட நிறத்தையும் பார்க்கல. எங்களுக்கு ஓட்டுப் போட மாட்டாங்களான்னு மட்டும்தான் பார்த்தோம். போட மாட்டாங்கன்னா, அவங்க எந்த நிறமா இருந்தாலும் ஒரே மாதிரிதான் அடைச்சோம். எங்க அம்மா என்னை அப்படி வளர்த்தாங்க."

நம்பிக்கை இல்லாவிட்டால் படித்துப் பார்க்கும்படி தன் குழுவின் கடிதப் போக்குவரத்தையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். முந்நூறு பக்கம். அதில் கட்சி ஆதாயத்தைத் தவிர வேறு எந்த எண்ணத்துக்கும் இடம் இருக்கவில்லை. பொதுநலம் என்ற வார்த்தை ஒரே ஒரு இடத்தில் வந்தது, அதுவும் எழுத்துப் பிழையாக. ஐந்து நீதிபதிகளும் மாறி மாறிப் படித்தார்கள். தலைமை நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, இவ்வளவு ஒளிவுமறைவற்ற சாட்சியைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை என்று பாராட்டினார்.

அடுத்து, கோடுகளை வரைந்த நிபுணர் டாக்டர் கிளெமென்ட் ரூடி வந்தார். கம்ப்யூட்டரை வைத்து மூவாயிரம் வரைபடங்கள் தயாரித்ததாகச் சொன்னார். அவற்றில் எத்தனை இரு கட்சிக்கும் ஓரளவு நியாயமானவை என்று மிரியம் கேட்டாள்.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

"மீதி ஒண்ணு?"

"அதைத்தான் எடுத்துக்கிட்டோம். நியாயமானதை யார் வேணா வரையலாம் மேடம். கம்ப்யூட்டரே வரையும். இதுக்குத்தான் ஆள் வேணும்."

கழுத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. அந்த இடம் தன் தொழில் வாழ்க்கையிலேயே சிறந்த வேலை, மாநாடுகளில் அதைத் திரையில் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார். அதில் வசிப்பவர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்று மிரியம் கையைக் காட்டினாள். டாக்டர் ரூடி திரும்பி ஓரினைப் பார்த்தார். பிரபலமான ஊரின் பெயரைக் கேள்விப்பட்டு, பிறகு அந்த ஊர்க்காரனை நேரில் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்துவிட்டு, வெகு பிரியமாகத் தலையசைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஓரினும் தலையசைத்தார்.

மூன்றாவதாக ஓரின் கூண்டில் ஏறினார். அதற்கு முந்தைய புதன்கிழமைகளிலெல்லாம் மிரியம் ஃபோனில் ஒரே வாக்கியத்தைப் பழக்கியிருந்தாள். காயம் என்ன என்று கேட்டால், "என் வாக்கின் மதிப்பு நீர்த்துப் போய்விட்டது" என்று சொல்ல வேண்டும். வேறு எதையும் சொல்லக் கூடாது. ஹோவ்லண்டைப் பற்றிப் பேசவே கூடாது. ஓரின் அதை வயலில் நடக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சொல்லிப் பார்த்திருந்தார். வேறு யாரிடமும் சொல்ல வேண்டியிராததால் நன்றாகவே மனப்பாடம் ஆகியிருந்தது.

அரசுத் தரப்பு வக்கீல் முதலில், இதுவரை யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டார். மிரியம் ஆட்சேபிக்க எழுவதற்குள் ஓரின் பதில் சொல்லிவிட்டார். ஷெரிஃப் பதவிக்கு ஒரு கட்சி, பள்ளிக் குழுவுக்கு இன்னொன்று, சட்டசபைக்கு இந்த செனட்டர் பாம்பருக்கே இரண்டு தடவை. வக்கீல் நீதிபதிகள் பக்கம் திரும்பி, இவருக்குக் கட்சியே இல்லை, கட்சி இல்லாதவருக்குக் கட்சி ஓரவஞ்சனை எப்படி இழைக்க முடியும் என்று கேட்டு உட்கார்ந்தார்.

தலைமை நீதிபதி நல்ல மனுஷர். கூண்டுப் பக்கம் சாய்ந்து, காது கேட்கும்படி நிதானமாகக் கேட்டார்.

"மிஸ்டர் பெல்கி, உங்களுக்கு நேர்ந்த காயம் என்ன?"

ஓரின் வாயைத் திறந்தார். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து, உனக்கு என்ன ஆச்சு என்று ஒரு மனுஷன் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டும் இருந்தார்.

"தீயணைப்பு நிலையத்துல உட்காருவோம் ஐயா. ஓட்டுப் போட்டுட்டு. சூப் இருக்கும். நானும் கஸ்ஸும் ஒரே வண்டியில போவோம்." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப கஸ் என்கூடப் பேசறதில்ல."

சுருக்கெழுத்துக்காரி, பேசுவதில்லை என்றா சொன்னீர்கள் என்று கேட்டாள். ஆமாம், பேசுவதில்லை என்று ஓரின் இன்னொரு முறை சொன்னார். அது பதிவாயிற்று. மிரியம் கண்களை மூடிக்கொண்டாள்.

"எனக்கு உங்க மேல அனுதாபம் உண்டு மிஸ்டர் பெல்கி," என்றார் தலைமை நீதிபதி. "ஆனா தனிமை சட்டத்துல காயம் ஆகாது. அப்படி ஆச்சுன்னா நாங்க எல்லாருமே வழக்குப் போட வேண்டியிருக்கும்."

மற்ற நாலு நீதிபதிகளும் தங்கள் முன்னாலிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இந்த வரைபடம் அநியாயமானது என்பதில் ஐந்து நீதிபதிகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஜனநாயகத்தின் அடிப்படைக்கே விரோதமானது என்று நாற்பதாம் பக்கத்தில் காட்டமாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அரசியலில் கொஞ்சம் அநியாயம் இயல்பு. எவ்வளவுக்கு மேல் போனால் அதிகம் என்று அளக்க நீதிமன்றத்திடம் அடிக்கோல் கிடையாது. அடிக்கோல் செய்துகொள்வது நீதிமன்றத்தின் வேலையும் அல்ல. எனவே குறையுள்ள குடிமக்கள் சட்டசபையை அணுகலாம். சட்டசபை செவிசாய்க்காவிட்டால் அதைத் தேர்தலில் தோற்கடிக்கலாம். அந்தத் தேர்தல் இந்த வரைபடத்தின்படி நடக்கும்.

நூற்றுப் பதினோராம் பக்கத்தில் மட்டும் ஒரு சிறிய உத்தரவு இருந்தது. எந்த வாக்காளரின் சாவடியும் பதினைந்து மைலுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பழைய சட்டம் ஒன்று உண்டு. ஆகவே கழுத்துப் பகுதியைத் தனி வட்டமாக்கி, அதற்குள்ளேயே சாவடி அமைத்துத் தர வேண்டும்.

படிக்கட்டில் இறங்கும்போது மிரியம், நாம் ஜெயித்தது இந்த ஒரு பக்கம்தான் என்றாள். அவளுக்கு வேறு மாநிலத்தில் வேறு வரைபடம் காத்திருந்தது. இரண்டு புதன்கிழமைகள் அங்கிருந்தும் ஃபோன் செய்தாள். மூன்றாவது புதன் ஓரின் ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தார். பிறகு, சுத்தமாகத் துடைத்திருந்த மேஜையில் தனியாகச் சாப்பிட்டார்.

அக்டோபரில் வில்மா அளக்கும் நாடாவோடு வந்தாள். வட்டத்துக்குள் இருந்த கட்டடங்கள் இரண்டு, ஓரினின் வீடும் அதை ஒட்டின டிராக்டர் கொட்டகையும். கொட்டகை வாக்குச்சாவடி ஆயிற்று. சக்கர நாற்காலிக்கு ஏற்ற சாய்தளம் போட்டார்கள். வாகனம் நிறுத்த மூன்று மொழிகளில் பலகை வைத்தார்கள். வாக்கின் ரகசியம் காக்க மூன்று பக்கம் அட்டைத் தடுப்பு வந்தது. இருக்கிற ஒரே ஓட்டின் முடிவை வெளியிட்டால் அது யாருடையது என்று தெரிந்துவிடும், அதனால் இந்த வட்டத்தின் முடிவை அறிவிக்க மாட்டோம் என்று வில்மா விளக்கினாள். எண்ணுவீர்களா என்று ஓரின் கேட்டார். எண்ணுவோம், யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றாள்.

சாவடியில் இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு அலுவலர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே ஒரு வாக்காளருக்காகக் காலை ஏழிலிருந்து ராத்திரி எட்டுவரை கொட்டகையில் உட்கார யாரும் முன்வரவில்லை. எதிர்க்கட்சியின் சார்பில் வில்மாவே வந்தாள். ஆளும் கட்சி, கிட்டத்தில் இருப்பவர் என்று, கஸ் லிண்ட்வாலை அனுப்பியது.

தேர்தலன்று விடியற்காலையில் கஸ் சாலையைக் கடந்து நடந்தே வந்தார். ஓரின் பக்கம் பார்க்காமல் மடக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தார். பட்டியல் ஒரு வரி. வில்மா சட்டப்படி விதிகளை உரக்க வாசித்தாள். வாக்களித்தவர் சாவடிக்குள் தங்கக் கூடாது. பட்டியலில் உள்ள எல்லோரும் வாக்களித்துவிட்டால் நேரத்துக்கு முன்பே சாவடியை மூடலாம்.

"அப்ப ஏழு பத்துக்குக் கிளம்பிடலாம்," என்றார் கஸ், வில்மாவிடம்.

ஓரின் கோட்டுப் போட்டு, தலைவாரி, கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்தது. மேஜை, அதன் மேல் இரண்டு காப்பிக் கோப்பை, இரண்டு மனிதர்கள்.

"வாங்க ஓரின், ஓட்டுப் போடுங்க," என்றாள் வில்மா.

"நான் வரிசையில நிக்கிறேன்."

"வரிசையில யாரும் இல்லையே."

"நான் இருக்கேனே."

வில்மா காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தாள். வரிசையில் நிற்கும் வாக்காளரை அவசரப்படுத்தவோ வெளியேற்றவோ அலுவலருக்கு அதிகாரம் இல்லை. எழுபது வயதுக்கு மேற்பட்டவர் கேட்டால் வரிசையிலேயே நாற்காலி போட வேண்டும். அவளே எழுந்து ஒரு நாற்காலியை ஹீட்டர் பக்கம் போட்டாள். ஓரின் நன்றி சொல்லி வரிசையில் உட்கார்ந்தார்.

எட்டு மணியாயிற்று, ஒன்பதாயிற்று. வரிசை நகரவில்லை. ஒன்பதேகாலுக்குக் கஸ், ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே, புகையுது என்றார். திரியை வெட்ட வேண்டும் என்றார் ஓரின். கஸ் எழுந்து வெட்டிவிட்டு வந்தார். பத்தரைக்குத்தான் மனசில் இருந்தது வெளியே வந்தது.

"நீ எங்க மேல கேஸ் போட்டே."

"உன் மேல போடல. கோட்டு மேல போட்டேன்."

"கோடு எங்களோடதுதானே."

"நீயா போட்டே?"

கஸ் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே அறுத்த வயலில் காக்கைகள் இறங்கி ஏறின.

"இல்ல," என்றார். "எனக்குக் காட்டக்கூட இல்ல."

மத்தியானம் ஓரின், வரிசையில் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போய் மாட்டிறைச்சிக் குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்தார். மூன்று நாளாகச் சமைத்துச் சமைத்துப் பார்த்து அன்றைக்குத்தான் பதமாக வந்திருந்தது. வில்மா மறுபடி விதிப் புத்தகத்தை எடுத்தாள். வரிசையில் நிற்பவருக்கு யாரும் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று இருந்தது. வரிசையில் நிற்பவர் கொடுக்கலாமா என்பதைப் பற்றிச் சட்டம் மௌனம் சாதித்தது. கஸ் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார். அவர் அப்படிச் சொல்லி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பொழுது சாய்ந்தது. கஸ் வீட்டுக்குப் போய்ச் சீட்டுக்கட்டு எடுத்துவந்தார். வில்மா ஆட மறுத்தாள், பிறகு ஆடினாள், பிறகு ஜெயித்துக்கொண்டே இருந்தாள். எட்டு மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில் அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வாக்குப்பதிவு முடிகிறது, வரிசையில் இருப்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்று, சட்டம் சொல்கிறபடி, இருட்டிக் கிடந்த வயலைப் பார்த்து மூன்று முறை உரக்கக் கூவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எட்டு மணிக்கு வரிசையில இருந்தவங்க போடற வரைக்கும், எவ்வளவு நேரமானாலும் நாங்க இருந்தாகணும்," என்றாள். "சட்டம்."

"ஆமாமா, சட்டம்," என்றார் கஸ், சீட்டைக் கலைத்தபடி. "உன் ஆட்டம் ஓரின்."

மூன்று ஆட்டம் கழித்து ஓரின் எழுந்து, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய், ஆளைப் பார்த்து ஓட்டுப் போட்டார்.

ஜனவரியில் அவருக்குத் தலைநகரிலிருந்து கனமான உறை ஒன்று வந்தது. அனுப்பியவர் செனட்டர் ராய்ஸ் பாம்பர், தேர்தல் சீர்திருத்தக் குழுத் தலைவர். கடந்த தேர்தலில் மாநிலத்திலேயே மிக நீண்ட காத்திருப்பு நேரம் தங்கள் வட்டத்தில் பதிவாகியுள்ளது, ஒரு வாக்காளர் சராசரியாகப் பதின்மூன்று மணி நாற்பது நிமிஷம் வரிசையில் காக்க வைக்கப்பட்டது ஜனநாயகத்துக்கே தலைக்குனிவு, இதற்கான காரணங்களைக் கண்டறிய ஒன்பது உறுப்பினர் கொண்ட குழு தங்களை நேரில் சந்தித்து விசாரிக்க விரும்புகிறது, விசாரணை பல நாட்கள் நீடிக்கக்கூடும், தங்களுக்கு வசதியான தேதியைத் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது.

ஓரின் சமையலறையில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். நாலு இருந்தது. சாலையைக் கடந்து போய்க் கஸ்ஸிடம் ஐந்து நாற்காலி இரவல் கேட்டுவிட்டு வந்து, எந்தத் தேதியும் எனக்கு வசதியானதுதான், எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி வரவும் என்று பதில் எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்தார்.